கெட்டிமேளத்தில் அமுங்கிய வரிகள்

அடிகுழாயின் தலையைக் கழற்றிக் கீழே வைத்ததும் வேம்புலி கைப்பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சாமுண்டீஸ்வரி கம்பியோடு சேர்த்துத் தோல் வாசரை வெளியே இழுத்தாள். தோல் ஊறிப் பிய்ந்து பழைய செருப்பின் குதிகால் மாதிரி இருந்தது. புதுத் தோலை முந்தின நாளே விளக்கெண்ணெயில் போட்டு வைத்திருந்தாள். அதை மாட்டி, நட்டை முறுக்கி, மறுபடி குழாய்க்குள் இறக்கினாள். அவர் மேலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். அவள் அடித்தாள். முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு செம்மண் நிறத்தில் தண்ணீர்.

அப்பாவும் மகளும் வேலை செய்யும்போது பேசிக்கொள்வதில்லை. ஒருவர் கையை நீட்டினால் மற்றவர் ஸ்பானரை வைப்பார். அன்றைக்கு மட்டும் வேம்புலி பேசினார்.

"ஞாயித்துக்கெயம மாங்காடு போறேன்."

அவள் அடிப்பதை நிறுத்தினாள். "மாமா ஊட்டுக்கா?"

"ஆமா. முத்தலிப் பாயாண்ட சொல்லி அனுப்பிச்சிட்டேன்."

"வரிய மாத்திட்டியா நைனா?"

"மாத்தல," என்றார். தெளிந்து வந்த தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மாலை அவர் இல்லை.

மாங்காட்டில் இருக்கிற மாமா துலுக்கானம், சாமுண்டீஸ்வரியின் அம்மா பார்வதத்துக்கு அண்ணன். அவருக்கு வேம்புலியின் தங்கை வடிவைக் கொடுத்திருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. அதனால் இரண்டு ஆண்களும் ஒருவருக்கொருவர் இரண்டு வழியில் மச்சான். அப்படிப்பட்டவர்கள் ஒரு கவிதையால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். இப்போது சாமுண்டீஸ்வரிக்கு ஆவடியில் மாப்பிள்ளை பார்த்து முடிவாகும் நேரத்தில், தாய்மாமன் இல்லாமல் பந்தலில் காரியம் நடக்காது என்று மாப்பிள்ளையின் அம்மா கன்னியம்மாள் சொல்லிவிட்டாள். கல்யாணம் அந்த இடத்தில் நின்றது.

வேம்புலி வெள்ளானூரில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் மகன். ஆவடியில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தார். அம்பத்தூரில் தொழிற்பேட்டை எஸ்டேட் வந்தபோது ஒரு கம்பெனியின் டைம் ஆபீசில் வேலை கிடைத்தது. திருமுல்லைவாயிலில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டார். காலையில் கேட்டருகே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களின் கார்டை வாங்குவார். மாலையில் திருப்பிக் கொடுப்பார். அதற்கு நடுவில் செய்ய அதிகம் இல்லை. அதனால் படித்தார்.

கிளை நூலகத்தில் ஒரு புத்தகம் இருந்தது. ஆங்கிலக் கவிதைகளைத் தமிழில் உரைநடையாகச் சொல்லியிருந்தார்கள். முன்பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. எழுதியவர்கள் யார், மொழிபெயர்த்தவர் யார் என்று வேம்புலிக்குக் கடைசிவரை தெரியாது. ஏரிக்கரையில் தனியாக நடந்தவர்கள், மலையைப் பார்த்து அழுதவர்கள், இருமி இருமி இளவயதில் செத்தவர்கள் என்ற அளவில்தான் அவர்களை அறிந்தார். அவர்கள் சொன்னதில் ஒன்று அவர் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கியது: ஒரு சாதாரண மனிதன் மனதில் படுவது சொல்லத் தகுந்த விஷயம்.

வெள்ளானூரில் யாரும் யாரையும் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டது கிடையாது. சாப்பிட்டாயா, கூலி வந்ததா, உடம்பு எப்படி என்று கேட்பார்கள். வேம்புலி கேட்க ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் பார்வதத்தை உட்கார வைத்து, "உம் மனசுல இன்னா கீது, சொல்லு," என்று கேட்டிருக்கிறார். யாரோ தன்னைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டார்கள் என்று அவள் அழுதுவிட்டாள். இதைப் பார்வதம் பிற்பாடு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் அந்தக் கேள்விக்கு அவளும் பழகிப்போனாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் புருஷனிடம் சொல்லாத பலதை அவள் தன் புருஷனிடம் சொன்னாள்.

வேலை முடிந்ததும் அவர் ரயிலைப் பிடிக்காமல் ஏரிக்கரை வழியாக நடந்தே வருவார். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி, எதிர்க்கரைப் பனைமரங்கள் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். அதை நின்று பார்ப்பார். வழியில் மாடு மேய்க்கிறவர்கள், ஏதாவது தொலைந்துவிட்டதா அண்ணாத்தே என்று கேட்பார்களாம்.

அந்தக் காலத்தில்தான் அவர் வாழ்த்துமடல் எழுத ஆரம்பித்தார். தாலி கட்டி முடிந்ததும் மைக் முன்னால் நின்று மணமக்களை வாழ்த்திப் படித்து, கண்ணாடி போட்ட சட்டத்தை மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். அது அந்த வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆயுள் முழுக்கத் தொங்கும். எஸ்டேட்டில் வேலை பார்க்கிற பையன்கள் எல்லாருக்கும் வேம்புலிதான் எழுதினார். நிலா, தாமரை, தென்றல், அன்னம். "வானில் தவழும் வளர்மதி நாண, ஏனிவள் இந்த எழில்முகம் கொண்டாள்" என்று அவர் ராகம் போட்டு இழுக்கும்போது பந்தலில் விசில் பறக்கும்.

சட்டம் போட்டுக் கொடுத்தவர் பூந்தமல்லி அப்துல் முத்தலிப். படங்களுக்குக் கண்ணாடி போடுகிற சின்னக் கடை. வேம்புலி எழுதுவதை முதலில் படிப்பவர் அவர்தான். "நம்ம பேட்டைல இம்மாம் நெலா எங்க கீது வேம்புலி?" என்று கேலி செய்வார். ஆனாலும் நல்ல சட்டமாகப் பார்த்துப் போடுவார்.

அவர் படித்ததில் அடுத்தது வந்ததும் அந்தக் கடையிலிருந்துதான். ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோகும்போது பஸ் நெரிசலில் கண்ணாடி விரிசல் விட்டது. பாய் கடையில் சட்டத்தைப் பிரித்தபோது அட்டைக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க மடித்து வைத்த பழைய காகிதம் வெளியே விழுந்தது. ஏதோ ஒரு சிறு பத்திரிகையின் தாள்கள். எடைக்கு வாங்கின பழைய பேப்பர்க் கட்டில் வந்தது. வேம்புலி நின்றபடியே படித்தார். அதில் நிலா இல்லை. ஒரு பஸ் நிறுத்தம், நனைந்த சுவரொட்டி, யாருக்கோ காத்திருந்து காத்திருந்து யாருக்கு என்பதையே மறந்துபோன ஒரு மனிதன். எதுகை இல்லை. முடிந்த இடம் முடிந்த மாதிரியே இல்லை.

"இது இன்னா பாய், இதுக்குப் பேரு?"

"தெரியாது. ஆனா அட்டைக்கு நல்லா முட்டுக் குடுக்குது."

அந்தக் கட்டில் இருந்த தாள்களை முழுக்க வீட்டுக்கு எடுத்து வந்தார். வெளிநாட்டில் பெரிய யுத்தங்களுக்குப் பிறகு எழுதியவர்களின் மொழிபெயர்ப்புகளும் அவற்றில் இருந்தன. இங்கேயும் பெயர் பாதிக்குமேல் கிழிந்திருந்தது. பார்க்காததை எழுதாதே என்று அவர்கள் சொன்னார்கள். அலங்காரம் பொய்யின் தம்பி என்றார்கள். எழுதியவன் எழுதிவிட்டு விலகி நிற்க வேண்டும், தன் கவிதைக்கு அவனே வக்கீலாக வரக் கூடாது என்றது ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரையை வேம்புலி டைம் ஆபீஸ் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைந்தது. நன்றாக இல்லாததை நன்றாயிருக்கிறது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையைக் காட்டினால் உற்றுப் பார்த்து, "காது தாத்தா மாதிரி வெளிய தள்ளிகினு கீது," என்பார். பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் வேறு யாரும் அந்தக் குழந்தையின் காதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை.

சாமுண்டீஸ்வரி அப்போது டிப்ளமா படித்துக்கொண்டிருந்தாள். மெஷின் டிராயிங் தாள்களை வீட்டுத் தரையில் விரித்து வரைவாள். அவர் வந்து பக்கத்தில் குந்துவார். இந்தக் கோடு எதற்கு, அந்தப் புள்ளிக்கோடு எதற்கு என்று கேட்பார். புள்ளிக்கோடு என்றால் அந்த விளிம்பு உள்ளே இருக்கிறது, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது என்று அவள் சொன்னாள். மற்ற புள்ளிக்கோடுகளையும் அவர் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். அவர் கவிதைகளில் அவளுக்குப் பெரிய பிடிப்பு இல்லை. ஆனால் தேவையில்லாத கோடு போடக் கூடாது என்பதில் இரண்டு பேரும் ஒரு கட்சி.

வடிவு செத்தது இதற்கெல்லாம் முன்னால். காய்ச்சலில் போனாள். மகள் புஷ்பாவுக்கு அப்போது பத்து வயது. கருமாதியன்று வேம்புலி ஒரு இரங்கற்பா படித்தார். வாடிய மலர், உதிர்ந்த முல்லை, அணைந்த தீபம். கூட்டமே அழுதது. துலுக்கானம் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வெகுகாலம் வைத்திருந்தார்.

பத்திரிகைத் தாள்களைப் படித்த பிறகு வேம்புலிக்கு அந்த இரங்கற்பா பிடிக்காமல் போயிற்று. ஒருநாள் சாப்பிடும்போது அதைச் சொன்னார். வடிவு முல்லை மாதிரி இல்லை. கறுப்பாக, வாட்டசாட்டமாக, நாலு வீட்டுக்குக் கேட்கிற குரலோடு இருந்தாள். நெல் மூட்டையைத் தனியாகத் தூக்குவாள். பல்லாங்குழியில் முத்தைத் திருடுவாள்; பிடித்தால் சண்டைக்கு வருவாள். "அவ கருமாதி அன்னிக்கி எவளோ ஒரு முல்லைக்கு நான் அயுதுட்டேன்," என்றார்.

புஷ்பாவுக்குக் கல்யாணம் வந்தபோது, வாழ்த்துமடல் எழுத வேண்டியது தாய்மாமனான அவர்தான். துலுக்கானம் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வேம்புலி பல வாரம் எழுதினார். அச்சடிக்கவில்லை. கையாலேயே ஒரே ஒரு தாளில் எழுதினார். பாய் சட்டம் போட்டார். போட்டுவிட்டு, நீ பார்த்துப் படி வேம்புலி, கல்யாண வீடு என்று மட்டும் சொன்னாராம். வாழ்த்துமடல் மங்கலமான சொல்லில் ஆரம்பிக்க வேண்டும், நடுவில் அமங்கலம் வரக் கூடாது என்பது எழுதுகிற எல்லாருக்கும் தெரியும். வேம்புலிக்குத் தெரியாதா? உண்மை எப்படி அமங்கலமாகும் என்று அவர் கேட்டார். அது புத்தகத்தில் கேட்க வேண்டிய கேள்வி. பந்தலில் வேறு பழக்கம்.

மாங்காட்டில் வீட்டு முன்னால் பந்தல். தாலி கட்டியாயிற்று. வேம்புலி மைக் முன்னால் போய் நின்றார். சட்டத்தைப் பக்கத்தில் சாமுண்டீஸ்வரி பிடித்துக்கொண்டாள். ராகம் இல்லாமல், பேசுகிற மாதிரி படிக்க ஆரம்பித்தார்.

பத்து வயதில் இந்தக் கை
சோறு வடிக்கக் கற்றது.
கஞ்சி பட்ட தழும்பு
வளையலுக்கு மேலே தெரிகிறது, பாருங்கள்.
வடிவு இல்லாத வீட்டில்

செத்தவள் பெயர் மைக்கில் வந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் மேளக்காரரைப் பார்த்து விரலை ஆட்டினார். தும்மல், அழுகை, ஆகாத சொல் எதுவும் மணமக்கள் காதில் விழாமல் அமுக்கத்தான் கெட்டிமேளம். தவில் காதைப் பிளந்தது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. வேம்புலி நிறுத்தவில்லை. உதடு அசைந்தது, அவ்வளவுதான். மிச்சம் முழுவதையும் அந்தச் சத்தத்துக்குள்ளேயே படித்து முடித்தார். கையில் சட்டம் இருந்ததால் சாமுண்டீஸ்வரி மட்டும் கண்ணால் படித்தாள்.

அடுப்பு ஒருநாளும் அணையவில்லை.
வேறொருத்தியைக் கொண்டுவந்து
அந்த அடுப்பின் முன் உட்கார வைக்காதவன்
புகைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டே
உப்பு கூடிய குழம்பை
நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டவன்
அதோ பந்தக்காலைப் பிடித்தபடி நிற்கிறான்.
முதல் மாலையை அவனுக்குப் போடுங்கள்.

மேளம் நின்றது. புஷ்பா குனிந்தபடி அழுதுகொண்டிருந்தாள். பந்தலில் முணுமுணுப்பு. துலுக்கானம் பந்தக்காலை விட்டு வந்து, சாமுண்டீஸ்வரியின் கையிலிருந்த சட்டத்தை வாங்கினார். அதைப் பார்க்கவில்லை, அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. வேம்புலியின் மார்பில் வைத்து அழுத்தினார்.

"எம்பொண்ண அடுப்பாண்ட குந்த வெச்சி சுட்டேன்னு மைக்கு வெச்சி ஊருக்கே சொல்லிட்ட மச்சான். எட்த்துகினு போ."

"மிச்சம் கீது. கேளு."

"கேட்ட வரிக்கும் போதும்."

சாப்பிடாமல் திரும்பினார்கள். பூந்தமல்லி பஸ்ஸில் வேம்புலி சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

புஷ்பா திருவள்ளூருக்கு வாழப் போய்விட்டாள். துலுக்கானம் திருமுல்லைவாயிலுக்கு வருவது நின்றது. நடுவில் பார்வதம் ஒருமுறை அண்ணனிடம் போய், கடைசியில் உன்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதியிருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தாள். அப்படியென்றால் எழுதியவன் வந்து சொல்லட்டும் என்றார் அவர். அதை வந்து சொன்னதும் வேம்புலி தலையாட்டினார். எழுதியவன் வந்து விளக்கம் சொல்லக் கூடாது, கேட்க வேண்டியவன் கேட்கட்டும் என்றார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த கட்டுரை அப்படித்தான் சொன்னது.

முத்தலிப் பாய் இரண்டு பக்கமும் போய்வந்தார். மாங்காடு அவருக்குப் பக்கம். இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தார். அதுதான் தப்போ என்று பிற்பாடு சாமுண்டீஸ்வரிக்குத் தோன்றியதுண்டு. கொஞ்சம் பொய் சேர்த்திருந்தால் இருவரும் அன்றே கூடியிருப்பார்கள். ஒருநாள் பாய் அலுத்துப்போய்ச் சொன்னார்: "நான் கண்ணாடி போடறவன் வேம்புலி. ஒடஞ்சத ஒட்டறவன் கெடையாது."

வருஷங்கள் போயின. வேம்புலி வாழ்த்துமடல் எழுதுவதை விட்டார். யாரும் கேட்கவும் இல்லை. எழுதியதெல்லாம் நாலைந்து வரிகள். டைம் ஆபீஸ் ஜன்னலில் தெரிகிற கைகளைப் பற்றியே எழுதினார். எண்ணெய்க் கை, விரல் இல்லாத கை, மருதாணி போட்ட கை. எழுதி, மகளிடம் காட்டி, கிழித்துப் போட்டுவிடுவார். சாமுண்டீஸ்வரி படிப்பை முடித்து எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிராயிங் பிரிவில் சேர்ந்தாள். காலையில் இருவரும் ஒரே ரயிலில் போனார்கள்.

ஆவடி சம்பந்தம் வந்தது. பையன் டாங்கித் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவளுக்குப் பிடித்திருந்தது, அப்பா கேட்டபோது அதை ஒரே வார்த்தையில் சொன்னாள். பெண் பார்க்க வந்தபோது கன்னியம்மாள் தாய்மாமன் எங்கே என்று கேட்டாள். வெளியூர் போயிருக்கிறார் என்றாள் பார்வதம். வேம்புலி வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "வெளியூர்லாம் போவல. எங்களுக்குள்ள பேச்சுவார்த்த இல்ல," என்றார். பார்வதம் அன்று முழுக்க அவருக்குச் சோறு போடவில்லை, மகள்தான் போட்டாள். கன்னியம்மாள் கோபப்படவில்லை. மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பெண், மாமன் இல்லாமல் எப்படிப் பந்தலுக்கு வருவாள், முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம் என்றாள். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை.

பாய் மாங்காட்டுக்கு ஓடினார். துலுக்கானம் ஒரு நிபந்தனை சொன்னார். வருகிறேன், சீர் செய்கிறேன். ஆனால் அந்த வடிவு வரியை எடுத்துவிட்டு, நாலு பேர் கேட்கிற மாதிரி நல்லதாக ஒன்று எழுதி, சபையில் படிக்க வேண்டும்.

வேம்புலி அதைக் கேட்ட பிறகு பல நாள் ஏரிக்கரையில் நடந்தே வந்தார். சாமுண்டீஸ்வரி அவரைக் கேட்கவில்லை. கேட்டால் தனக்காக மாற்றிவிடுவாரோ என்று பயந்தாள். மாற்றாமல் விட்டுவிடுவாரோ என்றும் பயம். இரண்டில் எது பெரியது என்று அவளுக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை குழாய் வேலை முடிந்து உள்ளே போனவரைப் பார்வதம் விடவில்லை.

"இன்னாயா, மாங்காடு போறியாமே. வரிய எட்த்துட்டியா?"

"வடிவு எந்தங்கச்சி. அவ பேர எங்கிருந்து எடுப்பேன்?"

"அப்போ இன்னாத்துக்குப் போற? மறுபடி சண்ட போடவா?"

"மிச்சத்தப் படிச்சிக் காட்டப் போறேன். புரியலன்னா பக்கத்துல குந்தி வெளக்கியும் சொல்லுவேன். நீ ஒண்டியா கஸ்டப்பட்டும் இன்னொருத்திய ஊட்டுக்கு இட்டாராம இருந்தியே, அதத்தான்யா எழுதினேன்னு சொல்லுவேன்."

பார்வதம் அவரையே பார்த்தாள். "இத அன்னிக்கே செஞ்சிருக்கலாம் இல்ல?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "முன்னால வந்தவங்க மனசுல கீறத தொறந்து சொல்லுன்னாங்க. பின்னால வந்தவங்க சொல்லிட்டு கம்முனு ஒதுங்குன்னாங்க. நான் பின்னால வந்தவங்க பேச்ச ரொம்பக் கேட்டுட்டேன்."

"யாருய்யா அவுங்க? நம்ம ஊட்டுக்கு வந்தாங்களா?"

அவர் சிரித்துவிட்டார். வெகுநாளைக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். சாமுண்டீஸ்வரி கதவருகே ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள்.

மறுநாள் மாலை ஷிப்ட் மாறும்போது, கார்டு வாங்க ஜன்னலுக்கு வந்தவர்கள் அவர் மேசையில் தலை வைத்துத் தூங்குகிறார் என்று நினைத்தார்கள். எழுப்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் வரிசையில் நின்றார்கள். பிறகு ஒருவர் உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். வலி நீண்ட நேரம் இருந்திருக்காது என்றார். சாமுண்டீஸ்வரி அதை நம்ப முடிவு செய்தாள்.

துலுக்கானம் வந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை, சொல்லியனுப்பினார்கள், அவ்வளவுதான். தங்கை வீட்டில் துக்கம். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை அவர் கையால்தான் வர வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கால்மாட்டில் நின்றார். குனிந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார். விட வெகுநேரம் ஆயிற்று. பாடையின் ஒரு முனையைத் தோளில் வாங்கிக்கொண்டவர் சுடுகாடு வரை ஆள் மாற்றிக்கொள்ளவில்லை.

கருமாதி முடிகிறவரை அங்கேயே இருந்தார். கன்னியம்மாள் துக்கம் கேட்க வந்தபோது அவர்தான் முன்னால் போய்ப் பேசினார். வருஷம் திரும்பட்டும், வைகாசியில் வைத்துக்கொள்வோம், தாய்மாமன் நான் இருக்கிறேன் என்றார். கன்னியம்மாள் சரி என்றாள். நிபந்தனை எதுவும் வரவில்லை. எதற்காக வேம்புலி மாங்காடு போக நினைத்தாரோ அந்தக் காரியம் அவர் போகாமலே நடந்துவிட்டது.

கிளம்புகிற அன்று சாமுண்டீஸ்வரி அவரோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தாள். பையில் அந்தச் சட்டம் இருந்தது. காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டியிருந்தாள். நிழலில் நின்றார்கள். பூந்தமல்லி பஸ் வரவில்லை.

"அந்த ஞாயித்துக்கெயம அவன் வரான்னு பாய் வந்து சொன்னாரு," என்றார் துலுக்கானம். "கறிக்குச் சொல்லி வெச்சிருந்தேன். வடிவு போனப்புறம் எங்கூட்ல கறிக்கொயம்பு நான்தான் வெப்பேன். உங்கப்பனுக்குத் தெரியாது."

அவள் பையிலிருந்து சட்டத்தை எடுத்தாள். "மாமா, நைனா இதுல மிச்சத்தப் படிச்சிக் காட்டத்தான் வர இருந்தாரு. கொஞ்சம்தான் கீது. நான் படிக்கட்டுமா?"

அவர் கண்ணாடியைத் தொட்டார். எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். எந்த இடத்தில் மேளம் அடித்தது என்று கேட்டார். அவள் காட்டினாள். அங்கேயே விரலை வைத்துக்கொண்டார்.

"இதுக்குக் கீய இம்மாம் கீதா?"

"கீது மாமா."

பஸ் வந்தது. அவர் சட்டத்தை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். இந்த முறை மெதுவாகக் கொடுத்தார்.

"வேணாம்மா. அவன் வந்து படிக்கறேன்னு சொன்னான். அவன் வாயால கேக்கலாம்னு குந்திகினு இருந்தேன். ரோட்டுல நின்னு கேக்கற விசயம் இல்ல இது. ஒருநாள் ஊட்டுக்கு வா. அப்போ பாக்கலாம்."

ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாமன் சீர் குறைவில்லாமல் வந்தது. வாழ்த்துமடல் யாரும் படிக்கவில்லை. அதற்குப் பிறகு ஆவடியிலிருந்து மாங்காட்டுக்கு அவள் பலமுறை போனாள். தீபாவளிக்குப் போனாள், புஷ்பாவின் பிள்ளைக்குக் காது குத்தினபோது போனாள். கறிக்குழம்பு உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒவ்வொரு முறையும் சட்டம் பையில் இருந்தது. ஒவ்வொரு முறையும் துலுக்கானம் பையைப் பார்த்தார், சாப்பிடு என்றார், அவள் சாப்பிட்டாள். எட்டு வரிகள். மாங்காட்டில் அவற்றை இன்னும் யாரும் படிக்கவில்லை.